டெல்பர்ட் ஹாக் தீர்ப்பை மாற்றுவதில்லை

"எட்டு வயசுப் பசங்களா?" என்று கேட்டார் டெல்பர்ட் ஹாக். ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, தப்பு அதன் மேல்தான் என்பதுபோல ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"எட்டு, ஒன்பது," என்றார் மறுமுனையில் லொரெட்டா. "நாளைக் காலையில. மில்பர்ன் பூங்காவுல."

அந்த வட்டாரத்தில் எந்த பேஸ்பால் ஆட்டத்துக்கு எந்த அம்பயர் போவது என்று முடிவு செய்பவர் லொரெட்டாதான். ஒஹையோவின் அந்த மூலையில் நீதிபதியைக்கூட எதிர்த்துப் பேசிவிடலாம், அவரை முடியாது. டெல்பர்ட் மட்டும் பேசுவார்.

"அது ஆட்டமே இல்ல லொரெட்டா. புள்ளைங்கள மேய்க்கற வேலை. நான் காலேஜ் ஆட்டத்துக்கு நிக்கறவன்."

"தெரியும். ஆனா ஆள் இல்ல. சின்னப் பசங்க ஆட்டம்னாலே எல்லாரும் முதுகுவலிங்கறாங்க. வந்தவங்களும் அம்மா அப்பாக்கள் திட்டற திட்டுல ஓடிட்டாங்க."

"அப்போ நான் போய்த் திட்டு வாங்கணும்."

"மாநில ஃபைனலுக்கு உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த டெல்பர்ட்டின் கை நின்றது. மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி இறுதிப் போட்டியில் மட்டை பிடிப்பவன் நிற்கும் ப்ளேட்டுக்குப் பின்னால் அம்பயராக நிற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. மனைவி ஜோனலுக்குக்கூட அது தெரியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த வாய்ப்பு வேறு யாருக்காவது போய்விடும், டெல்பர்ட் ஒரு வாரம் வீட்டுப் புல்லை ஆவேசமாக வெட்டுவார்.

"ஆனா கமிட்டி தயங்குது," என்றார் லொரெட்டா. "இவர் கண்ணு கழுகு, மனசு கல்லுங்கறாங்க. சின்னப் பசங்ககிட்ட எப்படி நடந்துக்கறீங்கன்னு பார்க்கணுமாம். நாளைக்கு கமிட்டியிலேருந்து ஒரு ஆள் வந்து கூட்டத்தோட கூட்டமா உட்கார்ந்திருப்பாங்க. யாருன்னு நான் சொல்லக் கூடாது. கொஞ்சம் பொறுமையா, சிரிச்ச முகமா..."

"நான் காலேஜ் ஆட்டத்தை எப்படி நடத்துவேனோ அப்படித்தான் இதையும் நடத்துவேன். அதுல ஒரு புள்ளி குறைக்க மாட்டேன். பார்க்கறவங்க பார்த்துக்கட்டும்."

"சரி, அங்க ரெண்டு மைதானம் இருக்கு. நீங்க கிழக்குப் பக்..."

"பூங்கா எனக்குத் தெரியும்," என்று சொல்லி டெல்பர்ட் ஃபோனை வைத்துவிட்டார்.

இதுதான் அவருடைய குணம். அம்பயர் என்பவன் ஒரு முறை சொன்னதை மாற்றக் கூடாது, யாரிடமும் வழி கேட்கக் கூடாது, ஆட்டத்துக்கு முன்னால் எந்த அணியிடமும் குசலம் விசாரிக்கக் கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். மைதானத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இடதுபக்கம்தான் திரும்ப வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டதற்காக, கல்யாண நாள் விருந்துக்குக் கிளம்பிய ஜோனலை பக்கத்து மாநிலமான இண்டியானாவின் எல்லை வரை காரில் கூட்டிக்கொண்டு போனவர் அவர்.

மறுநாள் காலை மில்பர்ன் பூங்காவில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன மைதானங்கள் இருந்தன. இரண்டிலும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மேற்குப் பக்கம் நடந்தார்.

நீலச் சட்டை, சாம்பல் பேன்ட், முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி ஷூ. கையில் முகக்கவசம், பின்பையில் ப்ளேட்டைத் துடைக்கும் சின்ன பிரஷ். வேலியில் கலர் கலராக பலூன் கட்டியிருந்தது. மேசை மேல் பெரிய கேக். பிள்ளைகளில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை, பாதிப் பேர் பச்சைச் சட்டை. எல்லாச் சட்டையிலும் 'கோல்பி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

கோல்பி டயர்ஸோ, கோல்பி பிளம்பிங்கோ, ஏதோ ஒரு கடைக்காரர் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று டெல்பர்ட் தீர்மானித்தார். பலூன் கேக்கெல்லாம் அவருக்கு ஆச்சரியம் தரவில்லை. தோற்றவனுக்கும் கோப்பை கொடுக்கிற காலத்தில் சின்னப் பிள்ளைகள் ஆட்டம் வேறு எப்படி இருக்கும்?

நாற்பது வயதுக்குள் இருந்த ஒருத்தி ஓடி வந்தாள். "வந்துட்டீங்களா, அப்பாடா. நான் ஷானா. நாங்க புக் பண்ணினவர் நீங்கதானே?"

"நான்தான்."

அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "வேற மாதிரி வருவீங்கன்னு நினைச்சேன். ஆனா இது இன்னும் அருமை. அப்படியே நிஜ அம்பயர் மாதிரி இருக்கீங்க."

"நிஜ அம்பயர்தான் மேடம்."

"ஆரம்பிச்சுட்டீங்க பாருங்க," என்று ஷானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கொஞ்சம்கூட முகத்துல சிரிப்பே இல்லாம. ட்ரென்ட், இங்க வந்து பாரேன் இவரை."

ட்ரென்ட் அவள் கணவன். கையில் இறைச்சி புரட்டும் இடுக்கியோடு வந்தான். பின்னாலேயே அவன் தம்பி ரோரி. இருவரும்தான் இரண்டு அணிக்கும் பயிற்சியாளர்கள் என்றார்கள். டெல்பர்ட் முறைப்படி அவர்களை ப்ளேட் அருகே நிற்க வைத்து விதிகளைச் சொல்லத் தொடங்கினார். பந்து வேலியைத் தொட்டால் என்ன, வேலிக்கு அடியில் போனால் என்ன, மரத்தில் சிக்கினால் என்ன என்று அவர் சொல்லச் சொல்ல, ட்ரென்ட் இடுக்கியைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"நம்ம ரூல் ஒண்ணுதான் சார்," என்றான் கடைசியில். "கோல்பி சந்தோஷமா இருக்கணும்."

"கடைக்காரர் சந்தோஷத்துக்கு நான் பொறுப்பில்ல," என்றார் டெல்பர்ட்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெல்பர்ட்டுக்கு முகத்தில் கடுகு வெடித்தது. ஆனால் கமிட்டி ஆள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்பது ஞாபகம் வந்து, கூட்டத்தின் மேல் கண்ணை ஓட்டினார்.

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எல்லோரும் நின்றுகொண்டும் தின்றுகொண்டும் இருக்க, ஒரே ஒரு பெரியவர் மட்டும் மடக்கு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. யாரோடும் பேசவில்லை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது, எல்லாவற்றையும் எடை போடுகிறவர் மாதிரி. டெல்பர்ட் அவரைப் பார்த்து மரியாதையாக ஒரு தலையசைப்பு வைத்தார். பதில் வரவில்லை. பதில் தரக் கூடாது என்பது அவர்களுடைய விதியாக இருக்கும்.

முதல் மட்டையாளன் வந்தான். தலையில் தங்கக் காகிதத்தில் ஒரு கிரீடம், அதற்கு மேல் ஹெல்மெட்.

"தம்பி, உன் பேர் என்ன?"

"கோல்பி."

ஓஹோ, கடைக்காரர் பையன். அதுதான் இவ்வளவு செல்லம். "கிரீடத்தைக் கழட்டு. ஹெல்மெட்டுக்கு அடியில எதுவும் இருக்கக் கூடாது."

"நீங்க பலூன்ல நாய் செய்வீங்களா?"

"மைதானத்துக்குள்ள நாய்க்கு அனுமதி கிடையாது."

கூட்டம் கை தட்டிச் சிரித்தது. கோல்பி மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கிரீடத்தைக் கழற்றினான். டெல்பர்ட் கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல் குனிந்து ப்ளேட்டை பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, கவசத்தை முகத்தில் இறக்கி, "ஆடுங்க," என்றார்.

அவருக்கும் மட்டையாளனுக்கும் நடுவே, கேட்சராகக் குந்தியிருந்தது பல் விழுந்த ஒரு சிறுமி. மார்னி என்று பெயர். கோல்பியின் சித்தப்பா மகள், அதாவது ரோரியின் பெண். அவளுடைய கவசம் அவளைவிடப் பெரியது. ஆனால் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அது டெல்பர்ட்டின் கண்ணில் பட்டது.

மட்டையாளனின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, ப்ளேட்டின் மேலாகப் பந்து வந்தால்தான் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். இல்லாமல் நாலு பந்து போனால் அவன் சும்மா நடந்தே முதல் பேஸுக்கு, அதாவது முதல் தளத்துக்குப் போகலாம். கல்லூரி ஆட்டத்தில் டெல்பர்ட் அந்தச் சதுரத்தை அங்குலம் பிசகாமல் பார்ப்பார். இங்கேயும் அப்படியே பார்த்தார். எட்டு வயதுப் பையன் எறியும் பந்து தரையில் குதித்துக்கொண்டு ஒரு பக்கம், வானத்துக்கு ஒரு பக்கம், மேசையிலிருந்த சிப்ஸுக்கு ஒரு பக்கம் என்று போனது. கோல்பி நடந்தான். அடுத்தவன் நடந்தான். அதற்கடுத்தவளும் நடந்தாள். வந்தவர்கள் எல்லோரும் நடந்தார்கள். வட்டமாக ஊர்வலம் போவது மாதிரி இருந்தது ஆட்டம்.

"ப்ளூ, கொஞ்சம் கண்ணைத் தொறந்து பாருங்க," என்று யாரோ கத்தினார்கள். அம்பயர்களை ஊர் முழுவதும் அப்படித்தான் கூப்பிடும், சட்டை நிறத்தை வைத்து.

"பாவம், எறியறவன் கை கழண்டு விழப்போகுது," என்றது இன்னொரு குரல்.

மடக்கு நாற்காலிக்காரரின் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. இது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. பொறுமையைக் காட்டச் சொன்னார்களே என்று டெல்பர்ட் சதுரத்தை அகலமாக்கினார். காது உயரத்தில் வந்தாலும் சரி, கணுக்காலில் வந்தாலும் சரி, ஸ்ட்ரைக்.

அவ்வளவுதான். இப்போது வந்தவர்கள் எல்லோரும் அவுட். மூன்றாவது பையன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். நாலாமவன் எதற்கு என்று தெரியாமல் அவனோடு சேர்ந்து அழுதான்.

ட்ரென்ட் இடுக்கியோடு ஓடி வந்தான். "சார், குழந்தைக்கு இன்னொரு சான்ஸ் குடுங்களேன். அழறான் பாருங்க."

"தீர்ப்பு சொல்லியாச்சு."

"விளையாட்டுக்குத்தானே சார்."

"இன்னும் ஒரு வார்த்தை பேசினா வெளிய போகணும்."

"ஒரு வார்த்தை," என்றான் ட்ரென்ட், பல்லைக் காட்டிக்கொண்டு.

டெல்பர்ட் கவசத்தைக் கழற்றி, வலது கையை வானத்தில் வீசி, மைதானம் அதிர அவனை வெளியேற்றினார். அந்தக் கை வீச்சுக்குக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் நடுங்குவார்கள். ட்ரென்ட் இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒரு பாட்டம் கைதட்டல் ஓய்வதற்குள் ஷானா ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அதை மறுபடியும் ஒரு தடவை பண்ணுங்க சார். நான் வீடியோ எடுக்கல."

"மேடம், எல்லைக்கோட்டுக்கு வெளிய போங்க."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நீங்களும் வெளிய."

"என்னைத் தூக்குங்க, என்னைத் தூக்குங்க," என்று ஷானா குதித்தாள்.

அவளையும் வெளியேற்றினார். அதோடு வந்தது வினை. கோல்பியின் அத்தை வந்து அவருடைய தாடைக்கு நேராக விரலை ஆட்டி, "உங்களுக்குக் கண்ணு தெரியாது," என்று சொல்லிவிட்டு, படத்துக்கு முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கையில் ஹாட் டாகோடு. டெல்பர்ட் ஹாக்கின் வாழ்நாள் கௌரவமான அந்தக் கை வீச்சு, பொருட்காட்சியில் ராட்டினம் ஏற நிற்கிற மாதிரி ஒரு வரிசையை உண்டாக்கிவிட்டது. போனவர்கள் எல்லோரும் ஒரு நிமிடத்தில் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

இனி யாரையும் வெளியேற்றுவதில்லை என்று முடிவெடுத்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஏமாந்த பிள்ளைகள் அவரைக் கிளப்ப வேண்டும் என்றே தொப்பியைக் கழற்றி வீசினார்கள். ஒருவன் மூன்றாம் தளத்தின் மெத்தையைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். இன்னொருவன் அவருடைய பின்பையிலிருந்து பிரஷ்ஷை உருவிக்கொண்டு போய்விட்டான்.

டெல்பர்ட் மூச்சு வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தார். கிழக்கு மைதானத்திலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தூரத்தில் முகம் தெரியவில்லை. ஆனால் அங்கே ப்ளேட்டுக்குப் பின்னால் நின்றவன் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மாட்டியிருந்தான். தொளதொளவென்று ஒரு கால்சட்டை வேறு. பிள்ளைகள் அவன் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கான தொப்பிகூட இல்லாத ஒருவனை அம்பயர் என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தின் லட்சணம் இதுதான் என்று டெல்பர்ட் காறித் துப்பாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோரி பக்கத்தில் வந்து அவர் தோளில் கை போட்டான். கல்லூரி மைதானத்தில் எவனும் செய்யத் துணியாத காரியம் அது.

"சார், நல்லா நடிக்கறீங்க, மறுக்கல. ஆனா கொஞ்சம் விட்டுக் குடுங்க. ஏதோ புள்ளைங்க ஓடி ஆடுதுங்க. இது ஒண்ணும் நிஜ ஆட்டம் இல்லையே."

நேற்று லொரெட்டாவிடம் அவரே சொன்ன வார்த்தைதான். ஆனால் மற்றவன் வாயால் கேட்டபோது டெல்பர்ட்டுக்கு உச்சந்தலை வரை சுட்டது.

"கையை எடு," என்றார். "அந்தப் பொண்ணைப் பாரு. உன் பொண்ணுதானே? ஆரம்பிச்சதுலேருந்து ஒரு பந்தைக்கூட அவ பார்க்காம விடல. அவளுக்கு இது நிஜ ஆட்டம். நான் இங்க நிக்கற வரைக்கும் எனக்கும் நிஜ ஆட்டம்தான். உங்களுக்கு இல்லேன்னா போய்க் கேக் தின்னுங்க."

ரோரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. போய்விட்டான். மார்னி கவசத்துக்குள்ளிருந்து தலையைத் திருப்பி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குந்திக்கொண்டாள்.

கடைசிச் சுற்று வந்தபோது மார்னியின் பச்சை அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. இது அவரையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. மஞ்சள் அணியில் இரண்டு பேர் அவுட். மட்டையோடு வந்தவன் கோல்பி. முதல் தளத்தில் ஒருத்தி நின்றாள். அவள் சுற்றி ப்ளேட்டுக்கு வந்தால் சமன், கோல்பியும் வந்தால் அவர்களுக்கு வெற்றி.

கோல்பி கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து மட்டையில் பட்டதில் அவனுக்கே அதிர்ச்சி. அது உருண்டு ஓடியது. துரத்தியவன் காலால் உதைத்தான். இன்னொருவன் எடுத்து, யாருக்கு எறிவது என்று தன் அம்மாவிடம் கேட்டான். முதல் தளத்தில் நின்றவள் சுற்றி வந்து சேர்ந்துவிட்டாள். கோல்பி மூன்றாம் தளத்தைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. அப்போதுதான் எங்கிருந்தோ அந்தப் பந்து, யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது, நேராக மார்னியின் கையுறைக்குள் வந்து விழுந்தது.

"விட்ரு மார்னி," என்று ரோரி கத்தினான். "தொடாத, அவன் வரட்டும்."

"விட்ரும்மா," என்றாள் ஷானா. "நல்ல பொண்ணுல்ல."

மார்னி விடவில்லை. கோல்பி சறுக்கிக்கொண்டு வந்த வழியில் முட்டி போட்டு உட்கார்ந்து, பந்து இருந்த கையுறையால் அவன் முழங்காலைத் தொட்டாள். புழுதி அடங்கியபோது அவன் கால் ப்ளேட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

எல்லோரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். சேஃப் என்று இரண்டு கையையும் விரித்தால் போதும். சிரித்த முகமாக விரித்துவிட்டால் மாநில ஃபைனல் மடியில் வந்து விழும். மடக்கு நாற்காலிக்காரர் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டை வாங்கிக் கொடுத்த கடைக்காரர் பையன், அழுதால் ஊரே அவர் மேல் திரும்பும். டெல்பர்ட்டுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஃபைனல் மேல் உயிரையே வைத்திருந்தார், அதை இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் அவரால் முடியவில்லை.

அவர் கை முஷ்டியாக மேலே போயிற்று.

"அவுட்."

சிரிப்புச் சத்தம் முதல் தடவையாக நின்றது. கோல்பி புழுதியில் படுத்தவாறே வாயைத் திறந்து, மூச்சை உள்ளே இழுத்து, பிறகு அழ ஆரம்பித்தான்.

ஷானா மெதுவாக வந்தாள். "சார், போதும் விளையாட்டு. சேஃப்னு சொல்லுங்க. இன்னிக்கு அவனுக்குப் பிறந்த நாள்."

"வாழ்த்துக்கள். அவுட்."

"பிறந்த நாளன்னிக்கு யாராவது குழந்தையை அவுட்டுன்னு சொல்வாங்களா?"

"பிறந்த நாளுக்குத் தனி விதி கிடையாது மேடம்."

"சும்மா ஒரு சேஃப் சொல்லிட்டுப் போங்களேன்," என்றான் ட்ரென்ட். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்? கேக் வெட்டணும்."

டெல்பர்ட் முகக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இந்தப் பொண்ணு உங்க எல்லாரும் விடச் சொல்லியும் விடாம, முறைப்படி அவனைத் தொட்டா. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததை இல்லேன்னு சொல்லிட்டு உங்க கேக்கை நான் தின்னணுமா? மாட்டேன். கவர்னரே வந்து கேட்டாலும் மாட்டேன். இந்தப் பையன் பெரியவனாகி ஒருநாள் நிஜமாவே சேஃப்னு வாங்குவான் பாருங்க, அன்னிக்குத்தான் அதோட ருசி அவனுக்குத் தெரியும்."

"உங்க ஆபீஸுக்கு ஃபோன் போடத்தான் போறேன்," என்றாள் ஷானா. "இந்த ஊர்ல உங்களை இனிமே ஒருத்தரும் கூப்பிடக் கூடாது, அதுக்கு நானாச்சு."

"தாராளமா போடுங்க. பேர் டெல்பர்ட் ஹாக். எழுதிக்குங்க."

போகிற வழியில் மடக்கு நாற்காலியின் முன்னால் ஒரு கணம் நின்றார். நடந்தது நடந்துவிட்டது, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டே போவோம் என்று தோன்றியது.

"ஐயா, நீங்க என்ன வேணா முடிவு பண்ணிக்குங்க. ஆனா அது அவுட்."

பெரியவரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அதிலிருந்து சீரான குறட்டை வந்துகொண்டிருந்தது. பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்து, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "கேக் வெட்டியாச்சா?" என்று கேட்டார்.

கமிட்டி தூங்கியேவிட்டது. டெல்பர்ட் காரைப் பார்த்து நடந்தார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தப் போகும்போது மார்னி ஓடி வந்தாள். ஒரு கையில் காகிதத் தட்டில் கேக், இன்னொரு கையில் அவருடைய பிரஷ்.

"இதை அவன்கிட்டேருந்து பிடுங்கிட்டு வந்தேன்," என்றாள்.

"நல்லது."

"எங்க குடும்பத்துல கோல்பியை இதுவரைக்கும் யாரும் அவுட்டுன்னு சொன்னதே இல்ல. எப்பவும் என்னைத்தான் விட்டுக்குடுக்கச் சொல்லுவாங்க."

"நீ தொட்ட இடம் எது?"

"முழங்கால்."

"முழங்காலுக்குக் கீழ, இடது பக்கம். சரியான இடம். அடுத்த தடவை ரெண்டு கையாலயும் பந்தைப் பிடிச்சுக்கோ."

அவள் பல் விழுந்த இடம் தெரியச் சிரித்துவிட்டு ஓடினாள். டெல்பர்ட் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்க மைதானத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. அங்கே இருந்த அம்மாக்கள் அப்பாக்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆரஞ்சுத் தலை அம்பயரைப் பிள்ளைகள் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல், எல்லோருமாகக் கீழே விழுந்தார்கள். அம்பயரைப் பார்த்துக் கை தட்டுகிற கூட்டத்தை டெல்பர்ட் தம் ஆயுளில் கண்டதில்லை. வாத்தியார் இல்லாத வகுப்பு என்று சொல்லிக்கொண்டார். சொன்னாலும் மனசுக்குள் எங்கோ சுருக்கென்றது.

அந்தக் கூட்டமும் கலைந்து வெகு நேரமாகி, இந்த ஜூனிலும் புல் வெட்டத்தான் போகிறோம் என்று நினைத்தபோது ஃபோன் அடித்தது. லொரெட்டா.

"அதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டாங்களா?" என்றார் டெல்பர்ட். "சொல்லிடறேன் கேட்டுக்குங்க. அந்தத் தீர்ப்பை நான் மாத்த மாட்டேன்."

"அதான் மாத்திட்டீங்களே, அதைத்தானே எல்லாரும் பேசறாங்க," என்றார் லொரெட்டா. அவர் குரல் என்னவோ போலத் தழுதழுத்தது. "தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ தம்பின்னு அந்தப் பையன் முன்னாடி மண்டி போட்டீங்களாமே."

"நான் மன்னிப்பு கேட்டேனா?"

"அடக்கமெல்லாம் வேண்டாம் டெல்பர்ட். அழுத பசங்களை எல்லாம் சிரிக்க வெச்சுட்டுத்தான் அனுப்பினீங்களாம். ஒருத்தரைக்கூட வெளியேத்தலையாம். எத்தனை அம்மாக்கள் ஃபோன் பண்ணிட்டாங்க தெரியுமா? இனிமே எல்லாச் சனிக்கிழமையும் நீங்கதான் வேணுமாம்."

"லொரெட்டா, அந்த நாற்காலிக்காரர் தூங்கிட்டாரு. அவர் சொன்னதை நம்பி..."

"எந்த நாற்காலிக்காரர்? கமிட்டி ஆள் ஒரு அம்மா. கடைசி வரிசையில ஸ்வெட்டர் பின்னிட்டு உட்கார்ந்திருந்தாங்க. இந்த வயசுலயும் ஒரு மனுஷன் மாற முடியும்னு கண்ணால பார்த்தேன்னு சொல்லி அழறாங்க. மாநில ஃபைனல் உங்களுக்குத்தான். முடிவாயிடுச்சு, இனிமே யாராலயும் மாத்த முடியாது."

டெல்பர்ட் காலியாகிக் கிடந்த எதிர்ப்பக்க மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் லொரெட்டா. "ஃபைனலுக்கு மட்டும் அந்தக் கோமாளி வேஷம், ஆரஞ்சு முடியும் சிவப்பு மூக்கும் வேண்டாம், என்ன?"